துண்டுப் பிரசுரத்தில் அடங்காத வலது கண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. துண்டுப் பிரசுரம் ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

என் அண்ணன் மகள் ஹரிணி சேலத்தில் கண் மருத்துவர். அவள் வேலை பார்க்கும் இடத்தில் நோயாளிகள் கையில் கொடுத்தனுப்ப ஒரு பக்கத் தாள் தேவைப்பட்டது. தலைப்பை அவளே வைத்திருந்தாள்: "கண்ணைப் பாதி திறந்தபடி தூங்குவது: காரணங்களும் சிகிச்சையும்." படிக்க வேண்டிய கட்டுரைகளை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் எச்சரிக்கையும் செய்தாள்.

"அத்தை, ஒரே ஒரு பக்கம். படிச்சா புரியணும், அவ்வளவுதான். உங்க கற்பனையெல்லாம் பத்திரிகைக்கு வெச்சுக்குங்க."

நானும் ஒழுங்காகத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். காரணங்கள் ஆயிற்று. அறிகுறிகள் ஆயிற்று. சிகிச்சையில் மூன்றாவது வாக்கியத்துக்கு வந்தபோது இப்படி எழுதினேன்: "தூங்கும் முன் வீட்டில் உள்ள ஒருவர் நோயாளியின் இமையை மெதுவாக மூடி, அதன்மேல் மருத்துவ டேப்பை ஒட்டிவிட வேண்டும்."

எழுதிவிட்டு அந்த வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் உள்ள ஒருவர் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். நாகலூரில் நான் குடியிருக்கும் தெருவிலேயே அந்த ஒருவர் இருக்கிறார். பெயர் செல்வமேரி. இமையை மூட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் மூடாவிட்டால் அவருடைய கணவர் கிறிஸ்துதாஸின் கண் கெட்டுப்போகும்.

பிரசுரம் அப்படியே நின்றுவிட்டது. இது ஆரம்பித்துவிட்டது.

2

கதை என்று முடிவானதும் எனக்குள் இருக்கும் அலங்காரக்காரி விழித்துக்கொண்டாள். அவள் எழுதிய முதல் தொடக்கம்:

"சேர்வராயன் மலையின்மீது மூடுபனி தன் வெண்பட்டுப் போர்வையை மெல்ல விரித்த அந்த—"

போர்வையாம். ஏற்காட்டு மலையில் வருஷக்கணக்கில் குடியிருக்கும் ஒருத்திக்குப் பனி என்றால் காயாத துணியும் வராத பஸ்ஸும்தான். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

"இமை என்பது உடலிலேயே மிக மெல்லிய தோல். நாம் விழித்திருக்கும்போது அது கணந்தோறும் கண்ணை நனைத்து—"

இது ஹரிணி அனுப்பிய கட்டுரையிலிருந்து சுட்டது. அதோடு, இதில் ஆளே இல்லை.

மூன்றாவது:

"செத்துவிட்டார் என்று நினைத்துத்தான் நான் கிறிஸ்துதாஸின் ஜீப்புக் கதவைத் தட்டினேன்."

இது நல்ல தொடக்கம். உங்களை உட்கார வைத்துவிடும். ஒரே குறை, இது பொய். நான் அப்படி நினைக்கவே இல்லை. மனுஷன் விழித்துக்கொண்டே திமிராகப் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். அதனால் தட்டவில்லை, திட்டினேன்.

3

ஏற்காடு ஒண்டிக்கடை முக்குப் பக்கத்தில் நாகலூர் போகும் ஷேர் ஜீப்புகள் நிற்கும். ஒரு மத்தியானம் காய்கறிப் பையோடு போய்ச் சேர்ந்தேன். முதல் வண்டி கிறிஸ்துதாஸுடையது. சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் பக்கத்து ஜன்னலில் அவருடைய வலது கண் திறந்திருந்தது. முழுக்க இல்லை, பாதி. யோசனையில் இருப்பவர்கள் அப்படித்தானே பார்ப்பார்கள்?

"வண்டி எப்ப கிளம்பும்?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டேன். கண் என் காய்கறிப் பையைத்தான் பார்த்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு பேரை ஏற்றி இறக்கும் தொழிலில் இருக்கிறவருக்கு வாய் திறந்து பதில் சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா, இந்த வண்டி இல்லாவிட்டால் எனக்கு வேறு வண்டியே கிடையாதா என்று ஒரு மூச்சு பேசி முடித்தேன்.

பின் சீட்டில் இருந்த பெண் சிரித்தாள். ஃபெபி, எங்கள் தெருதான், கல்லூரியில் படிக்கிறாள்.

"ஏனுங்க்கா, அண்ணன் தூங்கறாருங்க. அந்தப் பக்கமா போய்ப் பாருங்க."

வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனேன். இடது கண் இறுக மூடியிருந்தது. வாய் லேசாகப் பிளந்திருந்தது. நல்ல தூக்கம். மறுபடி வலது பக்கம் வந்தேன். விழித்திருந்தார். எனக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. வெட்கமில்லாமல் இன்னொரு முறையும் சுற்றி வந்தேன். திறந்திருந்த இடுக்கில் வெள்ளைவிழியும் கருவிழியின் அடிப்பகுதியும்தான் தெரிந்தன. மீதிக் கண் மேலே செருகிப் போயிருந்தது. இதை முதலிலேயே கவனித்திருந்தால் திட்டியிருக்க மாட்டேன்.

(அடைப்புக்குறிக்குள் ஒரு விஷயம்: தூங்கும்போது எல்லோருடைய கண்ணும் மேல்நோக்கித்தான் சுழல்கிறது. நம் இமை மூடியிருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. நானும் நீங்களும் தினமும் கண் செருகித்தான் தூங்குகிறோம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.)

எழுந்தவர் வலது கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நொம்ப நேரமா நிக்கறீங்களாக்கா? எழுப்பியிருக்கலாமில்லீங்க?" என்றார். கண் செக்கச்செவேல் என்று இருந்தது.

போகும் வழியில் கேட்டேன். போன மார்கழியில் ஜன்னல் கண்ணாடி இல்லாத வண்டியில் அடிவாரம் வரை போய் வந்தாராம். மறுநாள் காலையில் டீ குடித்தால் வாயோரமாக ஒழுகியதாம்.

"காத்து அடிச்சுப்போட்டுதுன்னாங்க. மூஞ்சியே ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. மாத்திரையில வாய் நேராயிருச்சுங்க. இந்த ஒரு கண்ணுதான் தூங்கறப்ப மூட மாட்டேங்குது. காத்தால எந்திரிச்சா மண்ணு அள்ளிப் போட்டாப்புல இருக்கும்."

"பார்வை?"

பின்னால் ஆள் இருந்தது. குரலை இறக்கிச் சொன்னார். "முந்தாநேத்து கண்ணாடியில பனின்னு நெனச்சுத் தொடச்சேனுங்க. தொடச்சுத் தொடச்சுப் பாக்கறேன், போக மாட்டேங்குது. அப்புறந்தான் தெரிஞ்சுது, பனி கண்ணாடியில இல்லீங்க."

மலை ரோட்டில், வளைவில், ஆள் நிறைந்த வண்டியை ஓட்டிக்கொண்டு இதைச் சொன்னார். அந்த வாரமே அவரையும் செல்வமேரியையும் ஹரிணியிடம் அழைத்துப் போனேன்.

4

(இந்தப் பகுதி பிரசுரத்திலிருந்து வெட்டி ஒட்டியது. அவசரமாக இருப்பவர்கள் ஐந்துக்குப் போகலாம். ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் தூங்குபவரை எப்போதாவது உற்றுப் பார்த்திருந்தால், இருந்து படியுங்கள்.)

கண் முழுக்க மூடாமல் தூங்குவது பலருக்கு இருக்கிறது. அவர்களுக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவர் சொன்னால்தான் உண்டு. சிலருக்குக் காரணமே கிடையாது, குடும்பத்தில் அப்படித்தான் என்பார்கள். சிலருக்குத் தைராய்டு கோளாறால் கண் முன்னால் பிதுங்கி, இமை எட்டாமல் போகும். தீக்காயமோ அடியோ பட்ட தழும்பு இமையை மேலே இழுத்துப் பிடிக்கும். இமையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் வரலாம். கிறிஸ்துதாஸுக்கு வந்தது முகவாதம். முகத்தின் தசைகளை அசைக்கும் நரம்பு வீங்கி, இமையை மூடும் தசைக்கு உத்தரவு போவது நின்றுவிடுகிறது. முகவாதம் வந்தால் காற்றைத் திட்டிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மூடாத இடத்தில் கண் காய்கிறது. காய்ந்தால் உறுத்தும், சிவக்கும், மங்கும். விட்டுவிட்டால் கருவிழியில் புண் வரும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். தழும்பு வழியாகப் பார்க்க முடியாது.

ஹரிணி அவர் கண்ணில் ஆரஞ்சு நிறச் சொட்டு ஒன்றை விட்டு நீல விளக்கை அடித்தாள். என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னாள். கருவிழியின் அடியில் பச்சைப் பொட்டுகளாக ஒரு பட்டை. காய்ந்து உரிந்த இடங்கள் அவை.

"பகல்ல இந்தச் சொட்டு. தூங்கறதுக்கு முன்னாடி இந்தக் களிம்பு. அப்புறம் இமையை மூடி டேப் ஒட்டணும். மத்தியானம் தூங்கினாலும் ஒட்டணும். நரம்பு சரியாக இன்னும் சில மாசம் ஆகலாம். அதுவரைக்கும் கண்ணைக் காப்பாத்தணும், அண்ணா. சரியாகலைன்னா இமைக்குள்ள சின்னதா ஒரு தங்க எடை வைக்கலாம். அந்த பாரத்துல இமை தானா இறங்கும்."

"தங்கமுங்களா!" கிறிஸ்துதாஸ் சிரித்தார். "மேரி காதுல இருக்கறதுக்கே இந்தப் பாடு. என்ற கண்ணுல வேறயா?"

செல்வமேரி சிரிக்கவில்லை. அவர் ஹரிணி காட்டிய டேப்புச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காதான் தினமும் ஒட்டிவிடணும்" என்று ஹரிணி சொன்னதற்குத் தலையும் ஆட்டவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

5

என் முதல் வரைவில் செல்வமேரி இப்படி இருக்கிறார்: "கணவனின் கண்ணைத் தன் கண்ணாகக் காக்கும் அந்த எளிய பெண், ஒவ்வொரு இரவும் அன்போடு—"

எளிய பெண்ணாவது. காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கும் ஆட்களை மேய்க்கிறவர். அவர் குரல் கேட்டால் அடுத்த சரிவில் இருப்பவர்களும் குனிந்து வேலை செய்வார்கள். இப்படி ஒருவரைப் பிடித்து அன்போடு ஒட்ட வைத்த என் பேனாவை என்ன செய்யலாம்?

அடுத்த முறை காட்டப் போனபோது கண் இன்னும் மோசமாகியிருந்தது. கருவிழியில் நீளமாக ஒரு கீறல்.

"யார் ஒட்டினது?" ஹரிணி கேட்டாள்.

"நானேதானுங்க" என்றார் கிறிஸ்துதாஸ்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஒரு கண்தானே, கண்ணாடியைப் பார்த்து அவரே ஒட்டிக்கொண்டால் என்ன? ஒட்டிக்கொள்ளலாம். பலரும் செய்கிறார்கள். ஆனால் இவர் இமை முழுக்க இறங்கும் முன்பே டேப்பை ஒட்டியிருக்கிறார். தூக்கத்தில் இமை அதற்கடியில் திறந்து, டேப்பு கண்ணையே உரசியிருக்கிறது. மூடாமல் விடுவதைவிடப் பாதி மூடி ஒட்டுவது ஆபத்து.

"கொஞ்சம் தள்ளி இந்தக் கீறல் விழுந்திருந்தா பார்வைக்கு நடுவுல விழுந்திருக்கும். வேற ஆள் பார்த்து, மூடியிருக்கான்னு உறுதி பண்ணிட்டுத்தான் ஒட்டணும். அக்கா, நீங்க ஏன் ஒட்டல?"

செல்வமேரி எழுந்து வெளியே போய்விட்டார்.

6

அன்று பஸ்ஸில் நானும் அவரும் ஒரே சீட்டில் வந்தோம். கிறிஸ்துதாஸ் முன்னால் உட்கார்ந்து டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். மலை ஏறத் தொடங்கியதும் செல்வமேரி தானாகவே பேசினார்.

"என்ற கை என்ன வேலைக்குப் போற கைன்னு உங்களுக்குத் தெரியாதுங்களாக்கா?"

தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். நாகலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் யாராவது இறந்தால் ஃபாதருக்கு ஆள் போகும்போதே செல்வமேரிக்கும் ஆள் போகும். குளிப்பாட்டுவது, உடுத்துவது, தாடையைக் கட்டுவது எல்லாம் அவர்தான். எல்லாவற்றுக்கும் முதலில் கண்ணை மூடுவது. யாரும் அவரை நியமிக்கவில்லை. ஒரு வீட்டில் செய்தார், நன்றாகச் செய்தார், அடுத்த வீட்டிலும் கூப்பிட்டார்கள். மஞ்சக்குட்டை ஊரிலிருந்துகூட ஜீப்பு வரும். சில நேரம் அந்த ஜீப்பை ஓட்டிக்கொண்டு வருவதே கிறிஸ்துதாஸ்தான்.

"எங்கப்பாவுக்கு மூடினேன். மாமியாளுக்கு மூடினேன். பென்னி மாஸ்டரு ஊட்டுல அந்தச் சின்னக் கொழந்தைக்கு மூடினேன், அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலீங்க. அத்தனை பேருக்கும் இந்த வெரலுதான். இதையே கொண்டுபோய் உசுரோட இருக்கறவரு கண்ணுல வைக்கச் சொல்றாங்க அந்த டாக்டரம்மா."

"இது மருத்துவம்தானே, மேரி."

"மருத்துவமா இல்லையான்னு எனக்குத் தெரியுமுங்க. நான் என்ன ஒண்ணும் தெரியாதவளா? இமை மேல கை வெச்சு கீழ எறக்கினா, அதுக்கப்புறம் அந்த மூஞ்சி எப்படி ஆகும்னு நான் பாத்திருக்கேன். இவரு மூஞ்சிய அப்படிப் பாக்க மாட்டேன். பாத்துட்டு எப்படிங்க பக்கத்துல படுக்கறது?"

முன்னால் இருந்த கணவரை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"இன்னொண்ணும் சொல்றேன். சிரிக்கக் கூடாது. அந்தக் கண்ணு தெறந்து கெடக்கறது எனக்கு நல்லாத்தான் இருக்குது. ராத்திரி முழிப்பு வந்தா திரும்பிப் பாப்பேன். பாதி தெறந்து கெடக்கும். சரி, மனுஷன் இருக்காருன்னு நான் தூங்கிருவேன்."

நான் சிரிக்கவில்லை. இதைக் கேட்பதற்கு முன் இந்தக் கதை கிறிஸ்துதாஸின் கண்ணைப் பற்றியது என்று நினைத்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மனுஷியை நோயாளிக் குறிப்பில் ஒரு சொல்லாகப் போட்டுவிட்டு அவர்மேல் கோபப்பட்டிருக்கிறேன்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இதை மூடநம்பிக்கை என்று எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மூடநம்பிக்கை என்றால் நடக்காத ஒன்று நடக்கும் என்று நினைப்பது. செல்வமேரி அப்படி எதையும் நினைக்கவில்லை. மூடினால் கணவர் செத்துப்போவார் என்று சொல்லவே இல்லை. தன் கைக்கு என்ன பழகியிருக்கிறது என்றுதான் சொல்கிறார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.)

7

இனி முடிவுகள். கையில் நாலு இருக்கிறது.

அ. நரம்பு தானாகவே சரியாகிவிடுகிறது. ஒரு காலையில் கிறிஸ்துதாஸ் எழுந்தால் கண்ணில் மண் இல்லை. நடக்கக்கூடியதுதான், ஹரிணியே சொன்னாள். ஆனால் அதற்குள் கருவிழி தாங்க வேண்டுமே. காத்திருப்பதை முடிவு என்று எப்படி விற்பது?

ஆ. தங்க எடை. அறுவை முடிந்து அவர் ஜீப்பை ஓட்ட, ஊரே "தங்கக் கண்ணு" என்று பெயர் வைக்கிறது. இதை எழுத எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் செல்வமேரி இதில் எங்கேயும் வரவில்லை. அவர் இல்லாமல் முடியும் கதையை நான் ஏன் எழுத வேண்டும்?

இ. கண் போய்விடுகிறது. பத்திரிகைக்காரர்கள் இதைத்தான் கேட்பார்கள், படமும் நன்றாகப் போடலாம். முடியாது. நாளைக்கு நான் அவர் வண்டியில்தான் ஊருக்கு வர வேண்டும்.

ஈ. எழுத்தாளர் செல்வமேரிக்கு எடுத்துச் சொல்கிறார். "இறந்தவர்களுக்கு நீங்கள் செய்தது கடைசி அன்பு. இவருக்குச் செய்யப்போவது தினசரி அன்பு" என்று ஒரு வசனம். அவர் கண் கலங்கி, டேப்பை எடுத்து—

இந்த நாலாவதை எழுதி முடித்தபோது எனக்கே நான் சபாஷ் போட்டுக்கொண்டேன். வசனம் அப்படி. எழுதினதும் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்த நேரம் பார்த்து அவர் வீட்டுக்கே போய் அதைப் படித்துக் காட்டினேன்.

செல்வமேரி முழுக்கக் கேட்டார். பாத்திரம் கழுவின கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க. அந்தப் பொம்பள நொம்ப நல்லவளா இருக்கறா. ஆனா அது நானில்லீங்க."

"ஏன்?"

"நீங்க ரெண்டு வார்த்த சொன்னா கை கேட்டுருமுங்களா?" என்றவர், கட்டிலில் சாய்ந்திருந்த கிறிஸ்துதாஸைக் காட்டினார். "அவரு இப்பத் தூங்கப் போறாரு. களிம்பு அங்க இருக்குது, டேப்பு இங்க இருக்குது. சொல்றதெல்லாம் நீங்க சொல்றீங்க. நீங்களே ஒட்டி உடுங்களேன்."

8

உ என்று ஒரு முடிவை நான் யோசித்திருக்கவே இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று பிரசுரத்தில் எழுதியவளே நான்தான். கீழ் இமையை இழுத்துக் களிம்பைப் பிதுக்கினேன். பாதி கண்ணில் விழுந்தது, பாதி மூக்கில் விழுந்தது.

"மூக்குக்கு ஒண்ணும் நோவில்லீங்க்கா" என்றார் கிறிஸ்துதாஸ்.

மேல் இமையைப் பிடித்தேன். என் விரல் முழுக்கக் களிம்பு. இமை வழுக்கி மேலே ஏறியது. மறுபடி இறக்கினேன், மறுபடி ஏறியது. இமைக்கடியில் உருண்டையாக, சூடாக, உயிரோடு கண் அசைந்ததை விரலில் உணர்ந்தேன். அதுவரைக்கும் அந்தக் கண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன், தொட்டதில்லை. டேப்பைக் கிழித்து வைத்தேன். அது புருவத்தில் ஒட்டிக்கொண்டது. எடுத்தேன், நாலு முடி கூடவே வந்தது. மனுஷன் "ஐயோ" என்று சிரித்தார்.

செல்வமேரி சமையலறை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். இப்போது திரும்பினார்.

"களிம்புக் கையோட புடிச்சா நிக்குமுங்களா? வெரலத் தொடைங்க."

துடைத்தேன்.

"இமையும் தொடைக்கோணுமுங்க. பஞ்சுல. அய்யய்ய, அமுக்காதீங்க. கண்ணு நோவும்."

இன்னொரு டேப்பைக் கிழித்தேன். அது சுருண்டு விரலோடு ஒட்டிக்கொண்டது. மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. போதும் என்று நினைத்து அதன்மேலேயே ஒட்டப் போனேன்.

"மூடலீங்க! இன்னும் மூடல, தெரியல உங்களுக்கு? மறுக்கா கீறப் போகுது. தள்ளுங்க."

என்னைத் தோளால் நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். அதற்குள் கை கழுவி வந்திருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. பஞ்சை எடுத்து இமையை ஒரே இழுப்பில் துடைத்தார். நடுவிரலின் பக்கவாட்டால் இமையைக் கீழே கொண்டுவந்தார். அழுத்தவே இல்லை. இமை வந்தது, நின்றது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

கிறிஸ்துதாஸின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் இடது கண்ணால் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேரி, என்ன முணுமுணுக்கற?"

செல்வமேரி கையை வெடுக்கென்று எடுத்தார். இமை மெதுவாக மேலே ஏறிற்று. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

பரலோக மந்திரம், அதாவது 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்ற ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இறந்தவர்களின் மூடின இமை மூடியே நிற்க எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அவருக்கு அதுதான் கணக்கு. ஒரு பரலோக மந்திரம். விரல் இமையில் பட்டதும் உதடு தானாக ஆரம்பித்துவிட்டது. உம்முடைய சித்தம் என்ற இடம் வரை போனபிறகுதான் யார் கண்ணில் கை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"நான் சொன்னேனில்லீங்க?" என்று என்னைப் பார்த்தார். அழுகை வந்துகொண்டிருந்தது. "சொன்னேனில்லீங்க?"

கட்டிலில் வைத்திருந்த நாலாவது முடிவின் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். போகலாம் என்று எழுந்தேன்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். மறுபடி பஞ்சை எடுத்தார்.

"ஏனுங்க" என்றார், கணவரிடம். "பேசுங்க."

"என்னத்தப் பேசறது?"

"என்னத்தையாச்சும் பேசுங்க. நான் கைய எடுக்கற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கோணும். உங்க வாய் நின்னுதுன்னா நான் எடுத்துருவேன். டேப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

நாளெல்லாம் ஜீப்பில் ஓயாமல் பேசுகிற மனுஷனுக்கு இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. செல்வமேரியின் விரல் காற்றிலேயே நின்றது. கிறிஸ்துதாஸ் "இந்த மாதேஸ்வரன் இருக்கானே" என்று ஆரம்பித்தார். மாதேஸ்வரன் ஸ்டேண்டில் இவருக்கு அடுத்த வண்டிக்காரன். விரல் இறங்கியது. இமை இறங்கியது. அவர் பேசப் பேச உதடும் கன்னமும் அசைந்தன, செல்வமேரி அந்த அசைவின் மேலேயே டேப்பைக் கச்சிதமாக ஒட்டினார். கோடு எதுவும் தெரியவில்லை. நான் குனிந்து பார்த்து உறுதி செய்தேன்.

"ஒட்டியாச்சு மேரி, கையை எடுத்துடலாம்" என்றேன்.

"இருங்க்கா. அவரு பேசட்டும்."

9

பிரசுரத்தை மறுநாள் முடித்து அனுப்பினேன். மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு ஒன்று சேர்த்திருந்தேன்: "இமையை மூடும்போது நோயாளி பேசிக்கொண்டிருப்பது நல்லது." ஹரிணி அதை அடித்துவிட்டாள். "இதுக்கு ஆதாரம் இல்ல அத்தை" என்றாள். பிரசுரம் அது இல்லாமல்தான் அச்சாகியிருக்கிறது.

அந்த ஞாயிறு மத்தியானம் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்கு வேண்டும். பேசுகிறவர் எவ்வளவு நேரம்தான் பேசுவார்? சாப்பிட்ட களைப்பு, படுத்த நிலை, தூக்கம் வரத்தானே செய்யும். பேச்சு நிற்கும். இடது கண்ணும் மூடும். அப்போது செல்வமேரியின் முன்னால் இரண்டு கண்ணும் மூடின ஒரு முகம் இருக்கும், ஒரு பக்கம் அவரே மூடியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா, டேப்பைப் பிய்த்துப் போட்டாரா, மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாரா, பக்கத்தில் படுத்தாரா?

நான் அங்கேதான் இருந்தேன். எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் கிறிஸ்துதாஸை நான்தான் தூங்க வைக்க வேண்டும், செல்வமேரி பார்த்துக்கொண்டிருக்கும்போது. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும் இடத்திலேயே எழுந்து போகிறேன். கட்டில் பக்கத்தில் நாற்காலி காலியாக இருக்கிறது, நீங்கள் உட்காருங்கள்.

"…வண்டிய வளைவுலயே நிறுத்திப்போட்டு டீ குடிக்கப் போயிட்டான் அந்த மாதேஸ்வரன், பின்னால பஸ்ஸு வந்து ஆரன் அடிக்குது, கண்டக்டரு எறங்கி வந்து எங்கிட்டச் சண்டைக்கு நிக்கறாரு, ஏனுங்க, அவன் வண்டிக்கு நான் என்னங்க பண்றது, சாவியக் குடுத்துட்டுப் போயிருந்தா நானே எடுத்து உட்டிருப்பேனில்லீங்கன்னு சொல்றேன், அதுக்கு அவரு என்ன சொன்னாருங்கற, கேக்கறயா மேரி, இன்னும் முடியல, கேளு, அதுக்கு அவரு